இலக்கு யாருடையது?

தேனீ கட்டும் கூட்டின் நேர்த்தி கைதேர்ந்த கட்டடக் கலைஞனையும் நாணச் செய்யும். எனினும், கலைஞருள் மிகச் சாதாரணமானவன்கூட ஒரு வகையில் அத்தேனீயினும் மேம்பட்டவனே. கல்லை எடுத்து வைக்குமுன் கட்டடத்தை அவன் தன் மனத்தில் எழுப்பிவிடுகிறான். 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில் கார்ல் மார்க்ஸ் எடுத்துக்காட்டிய வேறுபாடு இது. பயனை முன்னரே எண்ணி அதற்கேற்பச் செயலை ஒழுங்குசெய்வது மனித உழைப்பின் தனிப் பண்பு. அந்த எண்ணும் உரிமை பறிக்கப்படும்போது உழைப்பவன் கருவியாகிறான். அவனுக்காக எண்ணுகிறவன் எசமானாகிறான்.

ஆசிரியத் தொழிலும் உழைப்பே. ஆகவே, வகுப்பறையில் நிகழும் உழைப்பின் பயனை எண்ணித் தீர்மானிப்பவர் யார் என்ற வினா கற்பித்தல் நுட்பம் பற்றியது மாத்திரமன்று. அது ஓர் ஒழுக்கவியல் வினாவுமாகும். கணினியும் கைப்பேசியும் இணையமும் வகுப்பறைக்குள் புகுந்துவிட்ட இக்காலத்தில் அவ்வினா முன்னெப்போதையும்விடக் கூர்மை பெற்றுள்ளது.

ஆசிரியர் செயலமர்வுகளில் இப்பொழுது அடிக்கடி வற்புறுத்தப்படும் முறை ‘பின்னோக்கித் திட்டமிடல்’ என்பதாகும். பாடநூலின் முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் நோக்கி நடப்பதை இம்முறை விலக்குகிறது. இறுதியில் மாணவர் எதை விளங்கியிருக்க வேண்டும், எதைச் செய்ய வல்லவராக வேண்டும் என்பது முதலிலே தீர்மானிக்கப்படும். அந்நிலையை அவர் அடைந்தார் என்பதற்கு எது சான்று என்பது அடுத்துத் தீர்மானிக்கப்படும். பாடப்பகுதி, பயிற்சி, கருவி ஆகியவற்றின் தெரிவு அதன் பின்னரே வரும். இம்மூன்று படிகளையும் கிரான்ற் விக்கின்ஸ், ஜே மக்ரை என்னும் அமெரிக்கக் கல்வியாளர் இருவர் 1998 இல் ஒரு நூலாக விளக்கினர். அவர்களுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னரே, 1949 இல், றால்ப் ரைலர் என்பவர் பாடவிதானம் அமைப்போர் கேட்கவேண்டிய நான்கு வினாக்களை வகுத்திருந்தார். எந்நோக்கங்களை அடைய முயல்கிறோம்? அவற்றுக்கு உதவும் அனுபவங்கள் யாவை? அவற்றை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது? நோக்கம் நிறைவேறியதை எவ்வாறு அறிவது? பிற்காலத்தார் செய்தது பெரும்பாலும் நான்காம் வினாவை இரண்டாம் இடத்துக்கு உயர்த்தியதே.

இம்முறையில் ஒரு நேர்மை உண்டு என்பதை மறுக்க முடியாது. ‘பாடத்திட்டத்தை முடித்துவிட்டேன்’ என்பது எம்மவர் பெருமிதத்தோடு கூறும் வாசகம். முடிந்தது பாடத்திட்டமா, மாணவரின் பொறுமையா என்று கேட்பாரில்லை. கற்பித்தேன் என்பது ஒன்று. கற்றார்கள் என்பது வேறொன்று. முன்னையதைக் கொண்டு பின்னையதை ஊகிக்கும் சோம்பலைப் பின்னோக்கித் திட்டமிடல் அனுமதிப்பதில்லை.

அது அனுமதிக்காத இன்னொரு சோம்பல், கருவியை முதலிலே கொண்டுவந்து வைத்துவிட்டு, அதற்குரிய வேலையைப் பின்னர் தேடுவது. 1913 இல் தோமஸ் எடிசன், பாடசாலைகளிலே புத்தகம் விரைவில் வழக்கொழிந்துவிடும், திரைப்படமே எல்லாவற்றையும் கற்பிக்கும் என்று எதிர்வு கூறினார். நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டது, புத்தகம் இன்னும் இருக்கிறது. அதன் பின் வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது. ஒவ்வொன்றும் அதே வாக்குறுதியோடு வந்தது. எமது தலைமுறையிலே, தென்னமெரிக்க நாடான பெரு, பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற உலகளாவிய திட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மடிக்கணினிகளை வாங்கிப் பகிர்ந்தது. அந்நாட்டின் கிராமப்புறத் தொடக்கப் பாடசாலைகளில் நடத்தப்பட்டு 2012 இல் வெளியான ஆய்வு, பிள்ளைகளின் பொது அறிதிறனில் ஓரளவு முன்னேற்றத்தைக் கண்டது. கணிதத்திலும் மொழியிலும் அடைவு உயர்ந்ததற்கு எச்சான்றையும் காணவில்லை. கருவி பாடசாலைக்கு வந்தது; அது எதற்கு என்ற வினா வரவில்லை.

எனவே, இலக்கிலிருந்து திட்டமிடுவோம், கருவியை இறுதியில் வைப்போம் என்று சொல்வதோடு நின்றுவிடலாமா? நிற்க முடியாது. இலக்கிலிருந்து தொடங்குக என்று கூறும் முறை, எந்த இலக்கு, யாருடைய இலக்கு என்ற வினாவுக்கு விடை கூறுவதில்லை. கூரிய கத்தி சத்திரசிகிச்சையாளருக்கும் உதவும், கொலைஞனுக்கும் உதவும். திட்டமிடும் முறையின் கூர்மையும் அத்தகையதே. வரலாறு இதற்குச் சான்று தருகிறது.

1862 இல் இங்கிலாந்திலே றொபேட் லோ என்னும் அரசியல்வாதியின் முயற்சியால், ஆரம்பப் பாடசாலைகளுக்குரிய அரச மானியம் பெறுபேற்றுக்கேற்ப வழங்கப்படலாயிற்று. பரிசோதகர் வருவார், வாசிப்பு, எழுத்து, எண் என்னும் மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையையும் பரீட்சிப்பார், தேறிய பிள்ளைகளின் தொகைக்கேற்பப் பணம் கிடைக்கும். இலக்கு தெளிவானது, சான்று அளக்கத்தக்கது, பாடம் அதற்கேற்ப அமைந்தது. பின்னோக்கித் திட்டமிடலின் இலக்கணம் முழுவதும் அங்கே இருந்தது. விளைவு யாது? பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை மனனம் செய்தனர். வாசிக்கத் தெரியாமலே வாசிப்பிற் சித்தியடைவது சாத்தியமாயிற்று. கவிஞரும் பாடசாலைப் பரிசோதகருமான மத்தியூ ஆர்னல்ட் இதனை இடித்துரைத்தவர்களுள் முக்கியமானவர். அந்த ஏற்பாடு கைவிடப்பட ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றன.

அமெரிக்காவிலே இச்சிந்தனை வேறொரு வடிவம் எடுத்தது. தொழிற்சாலை முகாமைத் தத்துவங்களைப் பாடசாலைக்குப் பொருத்த முயன்ற பிராங்ளின் பொபிற் என்பவர் 1913 இல் ஓர் ஒப்புமை கூறினார். தண்டவாளத்துக்குரிய உருக்கின் தரத்தை உருக்காலை நிர்ணயிப்பதில்லை. அதனைப் பயன்படுத்தும் புகையிரதக் கம்பனிகளே நிர்ணயிக்கின்றன. அவ்வாறே, பாடசாலையிலிருந்து வெளிவரும் மாணவரின் தரத்தையும் அவரைப் பயன்படுத்தவிருப்போரே நிர்ணயிக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். இவ்வொப்புமையில் ஆசிரியர் உலைக்களத் தொழிலாளி, பிள்ளை உருக்கு. உருக்கிடம் எவரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

எமது நாட்டின் நிலைமை என்ன? சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான குழுவின் 1943 ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 1945 ஒக்ரோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பணமில்லாதவன் பிள்ளைக்கும் பாடசாலைக் கதவு திறந்தது; ஏழைக் குடும்பத்துத் திறமையாளரை மத்திய மகா வித்தியாலயங்களுக்குக் கொண்டுசெல்லும் ஏணியாகப் புலமைப்பரிசில் பரீட்சை எண்ணப்பட்டது. ஆனால் ஏணி சிறியது. ஏற விரும்புவோர் பலர். பல்கலைக்கழக இடங்களோ இன்றும் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றுவோரில் ஒரு பகுதியினருக்கே போதுமானவை. இந்நிலையில், வழியாக வைக்கப்பட்ட பரீட்சை மெல்ல மெல்ல இலக்காகிவிட்டது.

இன்று எம்மிடையே பின்னோக்கித் திட்டமிடலிற் கைதேர்ந்தவர் யார் எனின், ரியூட்டரி ஆசிரியர் என்றே கூறவேண்டும். அவர் பரீட்சை மண்டபத்திலிருந்து தொடங்குகிறார். கடந்த பத்தாண்டு வினாத்தாள்களை ஆராய்கிறார். வரக்கூடிய வினாவை மதிப்பிடுகிறார். அதற்கு வேண்டாத ஒரு வரியையும் கற்பிப்பதில்லை. அவர் முறையிலே குறை காண்பதற்கில்லை. அவரையோ, நகையை அடகு வைத்து அவரிடம் பிள்ளையை அனுப்பும் தாயையோ நோவதும் நியாயமன்று. இடங்கள் குறைவாகவும் ஏக்கம் மிகுதியாகவும் உள்ள சமுதாயத்தில் அவர்கள் செய்வது தற்காப்பு. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பரீட்சை, கற்றதற்கு ஒரு சான்று. சான்றையே இலக்காகக் கொண்டால், சித்தியடைந்தவருக்குப் பரீட்சையின் மறுநாளும் தவறியவருக்குப் பெறுபேறு வந்த அன்றும் கல்வி முடிந்துவிடுகிறது.

இலக்கு வேறு, சான்று வேறு என்பதைத் தமிழ் வகுப்பிலிருந்தே விளக்கலாம். செய்வினை, செயப்பாட்டுவினை என்னும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். வழக்கமான பயிற்சி யாவரும் அறிந்ததே: ஐந்து செய்வினை வாக்கியங்களைச் செயப்பாட்டு வினையாக மாற்றுக. மாணவர் மாற்றுகிறார், ஐந்துக்கு ஐந்து பெறுகிறார். அவருக்குக் கிடைத்தது யாது? இப்பொழுது பத்திரிகையில் நாள்தோறும் வரும் வாக்கியங்களை நோக்குக. ‘தொழிலாளர் முப்பதுபேர் பணியிலிருந்து நிறுத்தப்பட்டனர்.’ ‘காணி சுவீகரிக்கப்பட்டது.’ ‘கூட்டம் கலைக்கப்பட்டது.’ நிறுத்தியவர் யார்? சுவீகரித்தவர் யார்? கலைத்தவர் யார்? செயப்பாட்டுவினை எழுவாயை இடம்மாற்றும் வாய்பாடு மாத்திரமன்று. செய்தவரை வாக்கியத்திலிருந்து வெளியேற்றக்கூடிய ஒரு சமூகக் கருவியுமாகும். சிலவேளை அவ்வெளியேற்றம் இயல்பானது. சிலவேளை அது வேண்டுமென்றே செய்யப்படுவது.

இப்பாடத்தின் இலக்கை, ‘செய்தவர் மறைந்துள்ள வாக்கியத்தில் அவரைத் தேடவும், அம்மறைப்பு தேவையானதா என்று தீர்மானிக்கவும் மாணவர் வல்லவராதல்’ என்று வைப்போம். சான்றும் உடனே மாறுகிறது. முன்னர் காணாத ஒரு செய்தியைக் கொடுத்து, இதிலே சொல்லப்படாதது எது என்று கேட்க வேண்டியிருக்கிறது. வாக்கியம் மாற்றும் பயிற்சி ஒழியவில்லை. இலக்கணம் தெரியாதவருக்கு மறைப்பும் தெரியாது. ஆனால் பயிற்சி தன் உரிய இடத்தில், வழியாக நிற்கிறது. கருவியின் இடமும் இப்பொழுது தெளிவாகிறது. எழுத்துகள் பல வண்ணத்தில் பறந்து இடம்மாறும் அசைபடத்தைத் திறன்பலகையில் காட்டினால் வகுப்பு மகிழும். இலக்குக்கு அது அவசியமன்று. ஒரே நிகழ்ச்சியை இரு பத்திரிகைகள் எவ்வாறு எழுதின என்று ஒப்பிட இணையம் பேருதவி செய்யும். அதற்கு ஐவர் கொண்ட குழுவுக்கு ஒரு கைப்பேசி போதும். அதுவும் இல்லாத பாடசாலையில் இரு பழைய பத்திரிகைகள் போதும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அதனை எழுப்பியவர் சாதாரணமானவரல்லர். இங்கிலாந்தின் கல்வியாளர் லோறன்ஸ் ஸ்ரென்ஹவுஸ் 1975 இல் வெளியிட்ட நூலில், மாணவர் அடையவேண்டியதை முன்கூட்டியே வரையறுத்தல் பயிற்சிக்குப் பொருந்தலாம், உண்மையான அறிவுக்குப் பொருந்தாது என்று வாதிட்டார். கல்வி எந்த அளவுக்கு வெற்றி பெறுகிறதோ, அந்த அளவுக்கு அதன் விளைவு முன்கூட்டிச் சொல்ல முடியாததாகும் என்பது அவர் கருத்து. இலக்கியம் கற்பிப்போர் இதன் உண்மையை எளிதில் உணர்வர். நிலச்சுவாந்தரின் கொடுமையைக் காட்டுவதற்கென்று ஓர் ஆசிரியர் ஒரு சிறுகதையைத் தெரிந்தெடுக்கிறார் என்று கொள்வோம். வகுப்பிலே ஒரு மாணவி எழுந்து, ‘இந்தக் கதையில் வீட்டு வேலைக்காரிக்கு ஏன் பெயரே இல்லை?’ என்று கேட்கிறாள். ஆசிரியரின் திட்டத்தில் அக்கேள்வி இல்லை. சிறுகதை ஆசிரியரின் திட்டத்திலும் இருந்திராது. ஆனால் அன்றைய பாடத்தின் மிகச் சிறந்த கணம் அதுவே. இலக்குக்கு வெளியே உள்ளது என்று அதனை ஒதுக்கினால், இழப்பு மாணவிக்கு மட்டுமன்று.

முற்போக்காளராகிய நாம் இவ்விடத்தில் நம்மை நோக்கியே ஒரு கேள்வி கேட்க வேண்டும். பிள்ளை தண்டவாள உருக்கன்று என்று முதலாளிகளுக்குச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. அதே வாய்மை நம்மையும் கட்டுப்படுத்தாதா? மாணவர் இறுதியில் இந்த முடிவுக்கே வரவேண்டும், இந்தக் கொள்கையையே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டித் தீர்மானித்து, அதிலிருந்து பின்னோக்கிப் பாடம் அமைத்தால், முடிவு எத்துணை நியாயமானதாயினும் முறை பொபிற்றின் முறையே. கம்பனியின் இடத்தில் நமது கொள்கையை வைத்திருக்கிறோம். பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கிறது. கட்டடக் கலைஞன் உவமை இங்கேதான் முறிகிறது. கல்லுக்குத் தனக்கென ஒரு நோக்கம் இல்லை, பிள்ளைக்கு உண்டு. மனிதரை வெறும் வழியாகக் கொள்ளாது முடிவாகவும் கொள்க என்று 1785 இல் கான்ற் வகுத்த நெறி, மனிதரை விடுவிக்கப் புறப்பட்டவர்களுக்கே முதலில் பொருந்தும்.

அவ்வாறாயின் இலக்கின்றிக் கற்பிப்பதா? அதுவும் ஏமாற்றே. இலக்கை வெளிப்படையாகக் கூறாத வகுப்பிலும் ஓர் இலக்கு இருக்கும். பெரும்பாலும் அது பழக்கத்தின் இலக்காக, அல்லது பரீட்சைத் திணைக்களத்தின் இலக்காக இருக்கும். ஜோன் டூயி 1916 இல் எழுதிய ‘ஜனநாயகமும் கல்வியும்’ என்ற நூலிலே இச்சிக்கலுக்கு ஒரு வழி இருக்கிறது. மேலிருந்து ஆசிரியர் மீதும், ஆசிரியரூடாக மாணவர் மீதும் சுமத்தப்படும் நோக்கம் இருவர் அறிவையும் முடக்குகிறது என்றார் அவர். செயலுக்குள்ளிருந்து தோன்றி, செயல் நடக்க நடக்கத் திருத்தப்படும் நோக்கமே உயிருள்ளது. இதனை நமது வினாவுக்குப் பொருத்திச் சொல்வதாயின், பாடத்தின் இலக்காக ஒரு முடிபை வைத்தல் ஆகாது; ஓர் ஆற்றலை வைத்தல் வேண்டும். முடிபு கதவை மூடுகிறது, ஆற்றல் திறக்கிறது. செய்தவரைத் தேடக் கற்ற மாணவி ஆளும் வர்க்கத்தின் பத்திரிகையில் மட்டுமன்றி நமது சஞ்சிகையிலும் தேடுவாள். அவள் கேள்விக்கு நாமும் விடை சொல்ல வேண்டியிருக்கும். அதுவே நமது கற்பித்தல் வெற்றி பெற்றதற்குரிய சான்று.

புதிய தொழில்நுட்பம் இவ்வேறுபாட்டைத் தவிர்க்க முடியாததாக்கிவிட்டது. கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதித் தரும் கணினி நிரல்கள் 2022 இன் இறுதியிலிருந்து பொதுமக்கள் கைக்கு எட்டியுள்ளன. மாணவர் இவற்றைக் கொண்டு ஏமாற்றுகின்றனர் என்று ஆசிரியர் பலர் கவலைப்படுகின்றனர். கவலை நியாயமானதே. ஆனால் அதன் வேரை ஆராய வேண்டும். கட்டுரையே இலக்கு எனின், இயந்திரம் அதனை விரைவாகவும் பிழையின்றியும் தந்துவிடுகிறது. மாணவர் செய்தது புத்திசாலித்தனமே. கட்டுரை வெறும் சான்று, சிந்திக்கும் ஆற்றலே இலக்கு எனின், இயந்திரம் தந்த கட்டுரை மற்றொருவரின் இரத்தப் பரிசோதனை அறிக்கைக்கு ஒப்பானது. அதிற் குறையில்லை, ஆனால் அது இவரைப் பற்றியதன்று. இவ்வேறுபாட்டை மாணவருக்கு நாம் என்றாவது விளக்கியிருக்கிறோமா? புள்ளிக்காகவே எழுதுவிக்கப்பட்டவர் புள்ளிக்காகவே இயந்திரத்தை நாடுகிறார். இயந்திரம் புதிய ஒழுக்கக்கேட்டை உண்டாக்கவில்லை, பழையதை அம்பலப்படுத்தியுள்ளது.

கருவியைப் பற்றிப் பேசும்போது, அது யாரிடம் இருக்கிறது என்பதையும் பேசவேண்டும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, கற்பித்தல் கைப்பேசிக்கு மாறியபோது, ஒரு வீட்டிலுள்ள மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசியும், அதுவும் தந்தை வேலையால் திரும்பிய பின்னரே கிடைப்பதும், நாம் அனைவரும் கண்ட காட்சி. ஊவாவின் மலைக்கிராமத்து மாணவரும் ஆசிரியரும் சமிக்ஞை தேடிக் காட்டுவழியே பாறையுச்சிக்கு ஏறியதை 2021 இல் உலகப் பத்திரிகைகளே எழுதின. திட்டத்தின் இலக்கு ‘அனைவரும் கற்றல்’ என்றிருக்குமாயின், கருவி இல்லாதவரை எப்படிச் சேர்ப்பது என்பதே முதல் வினாவாகியிருக்கும். ‘பாடத்தை அனுப்பிவிடுதல்’ என்றிருந்தமையால், அனுப்பியவுடன் கடமை முடிந்தது. இலக்கைத் தவறாக வைத்தலின் சுமை எப்பொழுதும் வறியவர் தோளிலேயே விழுகிறது.

ஆசிரியரின் நிலை என்ன? 2007 இல் ஆரம்பித்த பாடவிதானச் சீர்திருத்தத்தோடு தேர்ச்சி மையக் கல்வி எமது பாடசாலைகளுக்கு வந்தது. தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற்பேறு, பாடவேளை என்று நிரல்படுத்தப்பட்ட வழிகாட்டி எமது கையில் தரப்படுகிறது. அதிலே நன்மை உண்டு. மூலைமுடுக்கிலுள்ள பாடசாலையிலும் பிள்ளைக்கு எது கிடைக்கவேண்டும் என்று அது உறுதி கூறுகிறது. ஆனால் இலக்கும் சான்றும் வேறிடத்தில் எழுதப்பட்டு, ஆசிரியர் கையில் வழி மாத்திரம் விடப்படும்போது, அவர் பிறர் வரைந்த கட்டடத்துக்குக் கல் சுமப்பவராகும் ஆபத்தும் உண்டு. கற்பிப்பவரே கற்பிக்கப்பட வேண்டியவர் என்பதை மறந்து சமுதாயத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை மற்றதற்கு மேலே வைக்கும் சிந்தனையை 1845 இலேயே மார்க்ஸ் கண்டித்தார். அக்கண்டனம் திட்டம் வகுப்போருக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும்.

வழிகாட்டியைத் தூக்கியெறிவதால் இது தீராது. ஆசிரியர் ஓய்வறையிலே, பாடம் பாடமாக, நாம் கூடிக் கேட்கக்கூடிய வினாக்கள் மூன்று உண்டு. முதலாவது: இப்பாடத்தின் இலக்கை முதல் நாளிலேயே மாணவருக்கு அவருக்கு விளங்கும் சொற்களில் வெளிப்படையாகக் கூற முடியுமா? கூறவொண்ணாத இலக்கு அவருடையதன்று. இரண்டாவது: கருவியை அகற்றிவிட்டால் இலக்கு எஞ்சுகிறதா? எஞ்சவில்லையாயின், நாம் கருவியைக் கற்பிக்கிறோம், பாடத்தையன்று. மூன்றாவது: பரீட்சையில் தவறப்போகும் பிள்ளைக்கு இதனாற் பயன் உண்டா?

மூன்றாவது வினாவே கடினமானது. சித்தியடைபவருக்குப் பரீட்சை ஒரு வாயிலைத் திறக்கிறது. அதனால் அவர் கற்றது வீண்போகவில்லை என்று நாம் ஆறுதலடையலாம். தவறியவரோ கடற்றொழிலுக்கும் தோட்டத்துக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் மத்திய கிழக்குக்கும் போகிறார். ஒப்பந்தத்தை வாசிக்கும் ஆற்றல், கணக்கைச் சரிபார்க்கும் ஆற்றல், ‘நிறுத்தப்பட்டார்’ என்ற சொல்லைக் கண்டதும் நிறுத்தியவர் யார் என்று கேட்கும் ஆற்றல் ஆகியன மற்றெவரையும்விட அவருக்கே வேண்டும். பதினொரு ஆண்டுகள் எமது வகுப்பறையில் இருந்துவிட்டு அவை இன்றி அவர் வெளியேறுவாராயின், அங்கே நடந்தது யாருடைய இலக்கு நோக்கிய பயணம்? வகுப்பிலிருந்த அனைவருக்கும் உரிய இலக்கை வரையுமளவும், எமது திட்டமிடல் எத்துணை நுட்பமாயினும், தேனீயின் கூட்டைப் போல் நேர்த்தியானதாக இருக்கும். மனித உழைப்பாக இராது.